மூன்றாவது திருத்தம்

திருப்பதியில் வீடு வைத்திருப்பவருக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. ஓய்வுபெற்ற அந்த சோஷியல் வாத்தியார் என் மனைவிக்கு எந்த வழியில் சொந்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும் தரிசனத்துக்குப் போன நாங்கள் ஐந்து பேரும் அவர் வீட்டில்தான் இறங்கினோம்.

குள்ளமான, சிரிக்காத மனிதர். காலிங்பெல் அடித்தாலே தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கட்டில் விருந்தாளிக்கு, மொட்டைமாடி அவருக்கு.

"மாப்ளே, அமெரிக்காக்காரன் அரசியல் சட்டத்துல மூணாவது திருத்தம் இன்னா தெரியுமா? சமாதான காலத்துல, வூட்டுக்காரன் சம்மதிக்காம சிப்பாயை வூட்ல தங்கவைக்கக் கூடாது. எப்பவோ எழுதி வெச்சிட்டான்!"

"நாங்க சிப்பாய் இல்லியே, மாமா."

"அதான் சிக்கலு. சிப்பாயா இருந்தா சட்டத்தைக் காட்டித் தொரத்தலாம்."

கூசிப்போய், லாட்ஜுக்குப் போகிறோம் என்று பையை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்தார். "சம்மதம் இல்லன்னு நான் எப்போ சொன்னேன்? துன்னுட்டுப் படுங்க."

கிளம்பும்போது கேட் வரை வந்தார். "பிரம்மோற்சவத்துக்கும் வந்துடுங்க. அது யுத்த காலம். சம்மதமே கேக்க வேணாம்."

அது அழைப்பா, போர்ப் பிரகடனமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. தலையணை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை மாடிக்கு நான்.