டிகிரியும் நுணுக்கமான வேலைப்பாடும்

மரச்சாமான் கடையில் அவளுக்கு டிகிரி என்று பெயர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள்; கடையிலும் அவள் ஒருத்திதான். சாமான்களில் தொங்கும் அட்டைக்கு வாசகம் எழுதுவது வேலை. பட்டறையிலிருந்து சாமான் வந்து இறங்குவதற்குள் அட்டை தயாராக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அதனால் "ஒரு மேஜை வருது" என்று போனில் காதில் விழுந்த மாத்திரத்தில் எழுதிவிடுவாள்: 'நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட மேஜை.'

கல்லூரியில் பிடித்துக்கொண்ட சொல் அது. நதியைப் பற்றி எழுதினாலும் நுணுக்கம், சட்டத்தைப் பற்றி எழுதினாலும் நுணுக்கம். தெரியாத இடத்தில் போட்டால் தெரிந்தவள் மாதிரி இருந்தது, மதிப்பெண்ணும் விழுந்தது. இப்போது கடையில் செருப்பு வைக்கும் பலகைகூட நுணுக்கமான வேலைப்பாடு கொண்டதுதான்.

"இந்த மேஜை ரொம்ப நாளா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது," என்றார் முதலாளி. "உன் எழுத்தால இது வித்துச்சுன்னா வேலை நிரந்தரம். இல்லேன்னா அட்டையை நானே எழுதிக்கிறேன்."

நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் அவள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள்.

மறுநாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி அட்டையைப் படித்துவிட்டு மேஜையைச் சுற்றி வந்தாள். மொட்டைப் பலகை.

"வேலைப்பாடு எங்கம்மா?"

"நல்லாப் பாருங்க அக்கா," என்றாள் டிகிரி, உற்றுப் பார்த்தால் முளைத்துவிடும் என்பதுபோல.

"ஏங்க, அடியில இருக்கான்னு பாருங்க."

"நானா?"

"பின்னே, முட்டி வலியோட நானா தவழுறது?"

கணவர் போன் வெளிச்சத்தோடு உள்ளே நுழைந்தார். ஒவ்வொரு காலாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"அடேயப்பா! இங்க வந்து பாரு! முடியளவு கோடு, கொடி கொடியா ஓடுது!"

முட்டி வலியை மறந்து மனைவியும் உள்ளே போனாள். கல்லாவிலிருந்து முதலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டிகிரி குனிந்து பார்த்தாள். மேஜைக் காலின் உட்புறத்தில் கோடுகள் வளைந்து, பிரிந்து, மறுபடி கூடி ஓடின. கீழே மாவுபோல மரத்தூள். இத்தனை நாள் எழுதியதில் அந்தச் சொல்லுக்குப் பொருந்திய முதல் பொருள் இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

"யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார் கணவர். "அவர்கிட்டயே ஒரு கட்டிலும் சொல்லிடலாம்."

பேசாமல் இருந்தால் போதும், வேலை நிரந்தரம். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"வண்டு சார்."

"பட்டப்பேரா?"

"இல்ல சார், நிஜ வண்டு. காலை அரிச்சிருக்கு. இன்னும் உள்ளதான் இருக்கும்."

எழுந்த வேகத்தில் கணவரின் தலை மேஜையில் டங்கென்று இடித்தது. "கட்டில் சொல்லியிருந்தா வீட்டுக்கே வந்து செஞ்சு குடுத்திருக்கும்," என்று சிரித்தபடி மனைவி அவரை வெளியே அழைத்துப் போனாள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நிரந்தரம் ஆகியிருப்ப," என்றார் முதலாளி.

"அவங்க வீட்டுல மேஜை நிரந்தரம் ஆகியிருக்காதே சார்."

அவர் முறைத்தார். பிறகு பக்கத்து அலமாரியைப் பார்த்தார். முகம் மாறியது. "இதுக்கும் பரவியிருக்குமா?"

"பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப எல்லாத்தையும் பாரு. பாத்துட்டு எழுது."

அன்று முழுவதும் தவழ்ந்து, தூசியும் தும்மலுமாக அவள் எழுதிய முதல் அட்டை: 'அலமாரி. மூன்று தட்டு. வண்டு இல்லை. கதவு லேசில் திறக்காது.'

"இதை எழுத டிகிரி எதுக்கு?" என்றபடி முதலாளி கதவை இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கைப்பிடி மட்டும் வந்தது.

"கதவு திறக்காதுன்னே போட்டுடு," என்றார். "நாளைக்குச் சீக்கிரம் வா. கட்டிலெல்லாம் பாக்கி."