அலுமாரியில் இருந்த சான்று

2022 பெப்ரவரி 6: 'மாரியப்பன் (மனு எழுதுநர்)' என்ற வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை இணையக் கலைக்களஞ்சியத்தில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் திகனயைச் சேர்ந்த ஒரு பயனர்.

பெப்ரவரி 9: கட்டுரையின் தலையில் 'சான்று தேவை' என்ற அறிவிப்பு இடப்பட்டது. இட்டவன் நான்.

பெப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை: மாரியப்பனை எந்தப் பகுப்பில் சேர்ப்பது என்பது பற்றி விவாதம். தொடக்கியவன் நான்.

மார்ச் 4: போதிய சான்றின்மையால் கட்டுரை நீக்கப்பட்டது.

மேற்குறித்த எல்லா நாள்களிலும் சான்று என் வீட்டு அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது.

இதுதான் நான் செய்தது. சான்று இல்லை என்று எழுதினேன். சான்று என்னிடம் இருந்தது. இனி நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த வாக்கியத்துக்கு அடிக்குறிப்புகளே.

அந்தக் கலைக்களஞ்சியத்தை நீங்களும் பயன்படுத்தியிருப்பீர்கள். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பின், 'நடுவன்' என்ற புனைபெயரில் நானும் அதில் இயங்கினேன். வாழ்க்கை வரலாறுகள் என் துறை. பிறந்த ஆண்டுக்குச் சான்று கேட்பேன். பெற்ற விருதுக்குச் சான்று கேட்பேன். எவர் எந்தப் பகுப்பில் அடங்குவார் என்று தீர்ப்பிடுவேன். புதியவர்கள் எனக்கு அஞ்சினார்கள் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது... மதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மாரியப்பன் கண்டிக் கச்சேரி என்ற அரச அலுவலகத்துக்கு எதிரே, ஒரு கடை விறாந்தையில் மேசை போட்டு மனு எழுதியவர். தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாதிருந்த காலம் அது. விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவை கேட்ட அத்தாட்சிகளோ தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து அறைகளில் எவரிடமும் இருப்பதில்லை. யார் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தின் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் பதிந்தார் என்று தேடிப்போய்ப் பார்த்து, அதைக் காகிதத்தில் ஏற்றி, அம்மக்களை இந்நாட்டின் பிரஜைகள் ஆக்கியவர் அவர். தம்மைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி அச்சில் வந்தது ஒரே ஒரு கட்டுரை. கண்டி வாசகர் வட்டம் ஒன்று வெளியிட்ட ஆண்டு மலரில், ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது.

அந்த மலருக்கு அச்சுப்பிழை பார்த்தவன் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இன்று அதன் பிரதி வேறெங்கும் இருப்பதாக நான் அறியேன்.

அக்கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பந்தி உண்டு. மாரியப்பன் எழுதிய முதல் மனு, கெலிஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, பத்து வயதில் கொழுந்துச் சாக்குச் சுமந்த ஒருவருக்காக என்று அது சொல்கிறது. பெயரையும் சொல்கிறது. பின்னாளில் கண்டி நகரில் அவர் புடவைக் கடை வைத்ததையும் சொல்கிறது.

அவர் என் தந்தை.

அந்தத் தகவலை ஆசிரியருக்கு ஆசையோடு சொன்னவரும் அவரே. அச்சுத்தாளைக் காட்டி, இந்தப் பந்தியை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டபோது கடையில் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும்பா. அவரு இல்லேன்னா எனக்கு ஏது கடை? ஒனக்கு ஏது படிப்பு?" நான் எடுக்கவில்லை. மலரின் மற்றப் பிரதிகள் எப்படியும் தொலைந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை தொலைந்தன.

என்னைப் பற்றியும் அதே கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை இருக்கிறது. என் மாணவர் ஒருவர் எழுதியது. 'கண்டி நகரின் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்' என்று தொடங்குகிறது. அதற்குச் சான்று, நானே கொடுத்த ஒரு நேர்காணல். அது பொய்யா? நான் பிறந்தபோது கடை இருந்தது. ஆகவே பொய் என்று எவரும் நிறுவ முடியாது. நகரத்துத் தமிழர் நாங்கள், தோட்டத்துக்காரர் அல்லோம் என்ற எல்லைக்கோட்டின்மேல் என் வாழ்நாள் முழுவதும் கவனமாக நடந்திருக்கிறேன். நடந்தது எவர் கண்ணுக்கும் தெரியாதபடி நடந்திருக்கிறேன்.

மாரியப்பனின் கட்டுரை வந்ததும் எவராவது அந்த மலரைத் தேடுவார்களோ என்று அஞ்சினேன். ஆகவே அவர்களுக்கு வேறொரு வேலை கொடுத்தேன். 'இவர் இந்திய வம்சாவளித் தமிழர் பகுப்பிலா, மலையகத் தமிழர் பகுப்பிலா, இலங்கைத் தமிழர் பகுப்பிலா?' என்று உரையாடல் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்தேன். போதும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், ஹற்றனிலிருந்து இருவர், கனடாவின் தொரந்தோவிலிருந்து ஒருவர்... மூன்று வாரங்கள் எரிந்தது. அணையப் பார்க்கும் போதெல்லாம் நான் ஒரு சுள்ளி இட்டேன். எவரும் சான்றைத் தேடவில்லை. இறுதியில் களைத்துப்போன நிருவாகி ஒருவர் கட்டுரையையே நீக்கினார்.

அடுத்த மாதம் அதை எழுதியவர் என் வீட்டுக்கே வந்தார். பெயர் ரிஸ்வான், திகனயில் இரும்புக்கடை வைத்திருப்பவர். கண்டி வரலாறு தெரிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று எவரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். பெற்றோல் கிடைக்காத நாள்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மாரியப்பன் மேசை போட்டிருந்த விறாந்தை அவருடைய பாட்டனாருடையதாம்.

"சேர், அதுல நடுவன்னு ஒருத்தர் ஈக்கிறார்" என்றார் கதிரையில் அமர்ந்ததும். "ஆள் யாருன்னு தெரியா. நான் பத்து வரி எழுதினா அவர் நூறு வரி எழுதுறார். எல்லாம் பகுப்பப் பத்தி. மாரியப்பன் ஐயாட பேரையே அதுல காணல்ல."

என் மனைவி பவானி தேநீர்த் தட்டுடன் நின்றிருந்தாள். நடுவன் யார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

"அவருக்கு வீட்டுல வேற வேலை இல்லை போல" என்றாள்.

"பொண்டாட்டி நல்லா ஏசினா திருந்துவார், மேடம்."

"ஏசிக்கிட்டுத்தான் இருப்பா, பாவம்."

ரிஸ்வான் சிரித்தார். நானும் சிரித்தேன். உங்களால் நம்ப முடிகிறதா? சிரித்தேன்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "ஐயாட மக கடுகண்ணாவையில ஈக்கிறாங்க, செல்லம்மா அக்கா. எம்பது தாண்டிட்டு. போற நேரமெல்லாம், 'தம்பி, அப்பா பேரு கம்பியூட்டர்ல வந்திருச்சா'ன்னு கேக்குறாங்க. வந்திச்சு, அழிச்சிட்டாங்கன்னு எப்பிடி சேர் சொல்ற?"

அவர் வாயிலைத் தாண்டியதும் பவானி அலுமாரியைத் திறந்து மலரை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தா இருக்கே. குடுத்துடுங்களேன்."

"அது ஒரு சிறு வெளியீடு. நம்பகமான சான்றாகக் கொள்வது கடினம்."

"நீங்கதானே பிழை பார்த்தீங்க?" என்றாள். பிறகு, "உரையாடல் பக்கத்துல பேசுற மாதிரி என்கிட்ட பேசாதீங்க."

மலரை நான் மீண்டும் அலுமாரியில் வைத்தேன். அவள் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. முப்பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கையில், அவள் இரண்டாம் முறை கேளாத ஒரே விடயம் அதுதான்.

மறு ஆண்டு பவானி போனாள். நோய் மூன்று வாரங்களே நீடித்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் எங்களை ஏற்றி இறக்கியவர், அதற்குள் எங்களுக்கு நெருக்கமாகிவிட்டிருந்த ரிஸ்வான். எரிந்து முடியும்வரை மயானத்தில் என் அருகில் நின்றவரும் அவரே. அதன்பின் சனிக்கிழமைதோறும் பின்னேரம் வருகிறார். அவர் மனைவி வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார். நாங்கள் கண்டியின் பழைய கடைகளையும் பாதைகளையும் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்குச் சேர்ந்து எழுதுகிறோம், இம்முறை என் சொந்தப் பெயரில். அவர் தேடுவார், நான் சரிபார்ப்பேன். அவர் பிழைபிழையாகத் தட்டச்சிடுவார், நான் முறைப்பேன். மழை வந்தால் இரவு உணவுக்கும் நின்றுவிடுவார்.

நான் நிறைவாக இருக்கிறேன். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். நன்றாக உறங்குகிறேன், பசிக்கிறது, சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன். குற்றம் செய்தவன் உருகி மெலிவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானும் எதிர்பார்த்தேன்... அப்படி எதுவும் நிகழவில்லை. என் குற்றத்தின் இரண்டாம் பாதி இந்த நிறைவுதான்.

நடுவன் இப்போது எழுதுவதில்லை. அண்மையில் ரிஸ்வான் அதைக் கவனித்துச் சொன்னார்: "அந்தாள் மௌத்தாகிட்டாரோ தெரியா, சேர். சண்ட புடிச்சாலும் வேலைக்காரன். அல்லாஹ் நல்லா வைக்கட்டும்." வட்டிலப்பக் கரண்டி என் கையில் இருந்தது. நான் அதைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்துச் சாப்பிட்டேன்.

ஒருமுறை அவர் செல்லம்மாவைத் தொலைபேசியில் பேசவைத்தார். "ஐயா, நீங்க பெரிய படிப்பு படிச்சவங்கன்னு தம்பி சொல்லிச்சு. நீங்க தேடுனா கெடைச்சிரும்ங்க" என்றது அந்தக் குரல். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மலரைச் சென்ற மாதம்தான் மீண்டும் எடுத்தேன். மாரியப்பனின் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பவானியின் கையெழுத்தில் ரிஸ்வானின் தொலைபேசி எண். அவளே அழைத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. அழைக்கவில்லை. நான் செய்வேன் என்று நம்பினாளா? செய்ய மாட்டேன் என்று தெரிந்தும் விட்டுவைத்தாளா? கேட்க ஆளில்லை.

மலரைக் கொடுத்தால், எங்கிருந்து கிடைத்தது என்று ரிஸ்வான் கேட்பார். அதன் கடைசிப் பக்கத்தில், பிழை திருத்தியவர் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பந்தியையும் படிப்பார். பிறகு மூன்று வாரப் பகுப்பு விவாதத்தை நினைத்துப் பார்ப்பார். அவர் கூர்மையானவர், நானே பயிற்றுவித்தேன்.

தந்தையின் லயத்தைப் பற்றி இப்போது எனக்குக் கூச்சமில்லை. இந்த வயதில் அது உதிர்ந்துவிட்டது. நான் இழக்க அஞ்சுவது சனிக்கிழமையை. அந்த அச்சத்துக்குச் செல்லம்மா தம் எஞ்சிய நாள்களால் விலை கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு சனிக்கிழமை கடந்திருக்கிறது.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

மலரின் பக்கங்களை நகலெடுத்து, கட்டுரையை மீட்கும் வேண்டுகோளுடன் இணைப்பது.

என்னைப் பற்றிய கட்டுரையில் தந்தை பிறந்த தோட்டத்தைச் சேர்க்கும்படி கேட்பது. விதிப்படி நானே திருத்தக் கூடாது.

நடுவன் யார் என்று ரிஸ்வானிடம் சொல்வது.

கடுகண்ணாவைக்குப் போவது. செல்லம்மாவுக்கு இப்போது ஒரு காதுதான் கேட்கிறதாம், அதுவும் மந்தமாக. உரத்த குரலில் சொல்ல வேண்டியிருக்கும்.