உள்வளையம் பார்க்கிற மெர்சி

வெங்கடலட்சுமி அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டதே ஒரு புகாரில்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த தம்பி பாலகோபால், ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில், "மெர்சின்னு ஒருத்தியச் சேர்த்தேன் பாருக்கா. ஒரு சிடியப் பொட்டில போடறதுக்குள்ள முன்னப் பின்ன நாலு தடவ திருப்பறா. தோசையா சுடறா?" என்றான். யாரைப் பற்றிச் சொன்னாலும், யார் வயிற்றுப் பிள்ளை என்று தெரிந்தால்தான் வெங்கடலட்சுமிக்கு ஆள் மனசில் நிற்கும். எந்த ஊர்க்காரி என்று கேட்டாள். ஆனைமலை என்றான். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அவளுக்கு அத்துப்படி. மறுநாள் சாப்பாட்டுக் கேரியரைத் தானே தூக்கிக்கொண்டு கடை மாடி ஏறிவிட்டாள்.

கடை என்றால் ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் இரண்டு அறை. வெளிநாட்டிலிருந்து பழைய சிடிக்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றாக ஆன்லைனில் விற்கிற வியாபாரம். முக்கால்வாசி சோல் பாட்டு. அமெரிக்கக் கறுப்பர்கள் அந்தக் காலத்தில் உருகி உருகிப் பாடியவை. பிறகு சிடியாக மறுபடி மறுபடி வெளியானவை. ஜன்னலடியில், புடவைக்கு மேல் மில் காலத்து நீல ஓவர்கோட்டு மாட்டிய ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, நடு ஓட்டையைச் சுற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மக கண்ணு நீ?"

"மாசாணியம்மா மகளுங்க."

"தென்னந்தோப்புக் காவல் இருந்தாப்லயே மாசாணம், அவரு பேத்தியா?"

"அட, எங்க அப்புச்சி பேரெல்லாம் தெரியுதுங்களா!"

அதோடு மெர்சி அவளுக்குத் தெரிந்தவளாகிவிட்டாள்.

மெர்சி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருஷம், நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் வேலை பார்த்தவள். வெள்ளைக் கோன் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறு லாட்டுக் கோன், அதாவது வேறு தொகுதிப் பஞ்சில் நூற்றது, ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால், சாயம் ஏற்றிய பிறகு துணி வரி வரியாக நிற்கும். அத்தனையும் திரும்பி வரும். அதனால் நீல விளக்கு அறையில் ஒவ்வொரு கோனையும் சாய்த்துப் பார்த்து, தன் டோக்கன் எண் 418 எழுதிய சீட்டை உள்ளே வைத்துத்தான் பெட்டியை மூடுவாள். மில்லில் 'லாட் கலந்தவ' என்பதைவிடக் கேவலமான பேர் கிடையாது. பதினெட்டு வருஷத்தில் அந்தப் பேர் அவளை அண்டவில்லை. மில் மூடிய பிறகும் கோட்டும் சீட்டும் கூடவே வந்துவிட்டன. இங்கே ஒவ்வொரு சிடி டப்பாவிலும் 418 போகிறது.

பாட்டைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் உண்டு. "எங்க சர்ச்சுல பாடற அதே தொண்டைதானுங்க. ஆண்டவர் இருக்க வேண்டிய எடத்துல ஒரு புள்ள நிக்குது, அவ்வளவுதான்."

நம்பர் என்றால் பேச்சு நீளும். பார்கோடுக்கு அடியில் இருக்கிற எண்ணில் கடைசியைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்துக் காட்டினால் போதும். ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கிக் கூட்டி, மறைத்ததைச் சொல்லிவிடுவாள். "நாப்பத்தொம்பதுல ஆரம்பிச்சா ஜப்பான், அம்பதுன்னா இங்கிலாந்துங்க. ஆனா அது கம்பெனி எங்க பதிஞ்சுதுன்னுதான் சொல்லும். தட்டு எங்க பொறந்துச்சுன்னு சொல்லாது. பாட்டைத் திரும்ப வெளியிடறப்ப சில கம்பெனி பழைய பார்கோட்டையே அச்சடிச்சுப் போடும். டப்பா முதுகுல இருக்கற கேட்டலாக் நம்பரப் பாக்கோணும். அதுக்கும் மேல, தட்டோட உள்வளையத்துல பொறிச்சிருக்கறதப் பாக்கோணும்."

வெங்கடலட்சுமி தன் வழியில் புரிந்துகொண்டாள். "கோடு ஊட்டுப் பேரு, முதுகு நம்பர் ஆளு பேரு, உள்வளையம் மச்சம். அப்படித்தான கண்ணு?"

"இத்தன சுளுவா எனக்கே சொல்ல வரலீங்கம்மா."

போன மாசி மாதம்தான் அது நடந்தது. அன்னூரிலிருந்து சென்னகேசவன் என்பவர் பஸ் ஏறி, மஞ்சப்பையில் ஒரு சிடியோடு வந்து நின்றார். நாற்பது வருஷமாக சோல் தட்டு சேர்க்கிறவர். இந்தக் கடையில் முதல் பதிப்பு என்று வாங்கியது. டப்பா பழையது, உள்ளே தட்டு மட்டும் பின்னால் வந்த மறுபதிப்பு. இரண்டுக்கும் அட்டைப்படம் ஒன்று, பார்கோடும் ஒன்று. மறுபதிப்பில் மட்டும் முதுகு நம்பருக்கும் வளைய நம்பருக்கும் கடைசியில் ஒரு R இருக்கும்.

"தெரிஞ்சே மாத்திக் குடுத்தீங்களா?" என்றார் பெரியவர்.

பாலகோபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா கேரியரோடு நிற்பதையும் மறந்து மெர்சியின் பக்கம் திரும்பினான். "லாட்டக் கலந்துபோட்டியேம்மா! இதுக்குத்தானா நாலு தடவ திருப்புன? நாளைல இருந்து வர வேண்டாம்."

மெர்சி முக்காலியை விட்டு எழுந்தாள். கண் கலங்கவில்லை, கை மட்டும் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்ணா, எம் பேர்ல அந்தச் சொல்லு வேண்டாமுங்க. ஐயா, டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சுங்களா? 418னு?"

சென்னகேசவன் திறந்து உதறிப் பார்த்தார். சீட்டு இல்லை.

"உழுந்திருக்கும்" என்றான் பாலகோபால்.

"சீட்டு இல்லீன்னா அது என்ற கையில போன பெட்டி இல்லீங்க. மக காலேஜுக்குன்னு நான் ரெண்டு நாள் லீவு போட்டனே, அப்ப டப்பாவெல்லாம் கழுவுனீங்களா?"

பாலகோபால் வாயைத் திறப்பதற்குள் வெங்கடலட்சுமி முந்திக்கொண்டாள். "கழுவாம? என்ற வத்தல் தட்டுலதான மொட்ட மாடில காய வெச்சான்! நாப்பது டப்பா. உள்ள இருந்ததையெல்லாம் கட்டில் மேல பரப்பிப்போட்டு, சாயங்காலம் பாடறவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துத் திருப்பிப் போட்டான். நாந்தான் பாத்தனே!"

"அக்கா, நீ கொஞ்சம்..."

"நான் என்னடா கொஞ்சம்? ஒரே மூஞ்சி ரெண்டு டப்பால இருந்தா எது எதுல போகும்?"

மெர்சி பதிலுக்கு நிற்கவில்லை. அலமாரியில் மூன்றாவது அடுக்கு, இடக்கை ஓரம். தேடாமல் கையை நீட்டி ஒரு டப்பாவை உருவினாள். முதுகில் R இருந்தது. தட்டை எடுத்து, துடைத்து, ஜன்னல் வெயிலுக்குச் சாய்த்துப் பெரியவர் கையில் கொடுத்தாள். "நீங்களே படிங்கய்யா."

சென்னகேசவன் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வளையத்தைச் சுற்றி இரண்டு முறை கண்ணை ஓட்டினார். R இல்லை. அவர் தேடிய முதல் பதிப்பு, மறுபதிப்பின் டப்பாவுக்குள் குடியிருந்தது. மனுஷன் சின்னப் பையன்போலச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"இதுபோல இன்னும் சோடி மாறியிருக்குமுங்க" என்று மெர்சி கழுவின நாற்பதையும் இறக்கினாள். பஸ்ஸைப் பற்றிய நினைப்பே இல்லாமல் சென்னகேசவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ரசம் ஆறிப்போனது, யாரும் கேட்கவில்லை. நாலு மணிக்குள் மூன்று சோடியைப் பிடித்துச் சரியாக மாற்றி வைத்துவிட்டாள்.

"இனி 418 இல்லாத டப்பாவ நான் வாங்கறதா இல்ல" என்று பாலகோபாலிடம் சொல்லிவிட்டுப் போனார் பெரியவர். தட்டுச் சேர்க்கிற கூட்டத்தாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியில் ஜப்பானிலிருந்து ஒருத்தர், 'சீட்டோடு அனுப்பவும்' என்று எழுதினார்.

பெரியவர் வந்துபோன அன்று சாயங்காலம் மெர்சி கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு, கதவருகில் நின்றாள். "நாளைக்கு வர வேண்டாம்னீங்களே, எப்படிங்ணா?"

பாலகோபால் தரையைப் பார்த்தான். "தப்பா சொல்லிப்போட்டேன்மா. வந்துரு."

"நாளைக்கு இவன் வரலாமான்னு மொதல்ல உன்னையக் கேக்கட்டும் கண்ணு" என்றாள் வெங்கடலட்சுமி. மெர்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் அவள் முதலில் பார்த்தாள்.

இப்போது போனால் பாலகோபால் பெட்டியைத் திறந்து வைத்து, டேப்பைக் கிழித்துக் கையில் பிடித்தபடி நிற்பான். மெர்சி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது உள்ளங்கையை மட்டும் உயர்த்துவாள், இருங்க என்று. அவனும் இருப்பான். அவள் அதே மாடியில், அதே ஜன்னலடியில்தான் இருக்கிறாள். முக்காலியில் இல்லை, பாலகோபாலின் சுழல் நாற்காலியில்.