இரண்டு ஒச்சம்மாள்

1988இல் போடியில் தங்கப்பாண்டியின் ஏலக்காய்க் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஞாயிறுதோறும் அவனும் நண்பன் பெத்துராஜும் கணக்கு டீச்சர் சாந்தகுமாரியும் அதன் முன்னால் உட்கார்ந்து, சம்பளமில்லாமல் ஒரு புரோகிராம் எழுதினார்கள். மலை எஸ்டேட்டுகளில் எந்தக் குழந்தைக்கு எப்போது போலியோ சொட்டு மருந்து என்று அது பட்டியல் அச்சடிக்கும்.

பட்டியலை ஜீப்பில் மலைமேல் போடிமெட்டுக்குக் கொண்டுபோனவள் சாந்தகுமாரி. ஒரே எஸ்டேட்டில், வெவ்வேறு வீட்டில், மொக்கையன் மகள் ஒச்சம்மாள் என்று இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். புரோகிராம் இருவரையும் ஒருத்தியாக்கி ஒரு பேரை விழுங்கியிருந்ததை அவள்தான் கண்டாள், அன்றைக்கே திருத்தினாள். அதன் பிறகும் வந்த பிழைகளை ஒற்றை ஆளாகச் சரிசெய்தாள். மற்ற இருவரும் தமிழ் எழுத்தில் அச்சடிக்கும் புதுப் புரோகிராமில் மூழ்கிக் கிடந்தார்கள்.

"நான் திருத்துனதையெல்லாம் புதுசுலயும் சேத்துருங்க தம்பி."

"சேத்துரலாம்க்கா. பழசுக்கே எத்தனை நாள் ஒட்டுப் போடுவீங்க?" என்றான் பெத்துராஜ்.

சேர்க்கவில்லை. புதுப் பட்டியல் தமிழில் பளிச்சென்று வந்தது. அவளும் நம்பி, சரிபார்க்காமல் மலைக்குக் கொண்டுபோனாள். அதில் ஒச்சம்மாள் மறுபடியும் ஒருத்திதான். ஐந்து மாதத்தில், மருந்து விட்டுப்போன பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இடது கால் துவண்டது.

"எம்பிள்ள பேர மட்டும் ஏன் டீச்சர் விட்டீக?" என்று தாய் மாயக்காள் கேட்டாள்.

சாந்தகுமாரி கடைக்கு வந்து சொன்னாள். பெத்துராஜ் தலைகுனிந்து நின்றான். பிறகு, "அடுத்ததுல சரியாப் போயிரும்க்கா" என்றான். மூன்றாவது புரோகிராமை அவர்கள் அதற்குள் தொடங்கியிருந்தார்கள்.