மிதக்காமல் போனது

நான் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவள். மீனைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகையால் டொரொண்டோ மியூசியத்தில் அந்தக் கற்பலகைக்கு முன்னால் மகள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியதும், "உது ஓங்கில்" என்றேன். நீண்ட அலகு, நெருக்கமான பற்கள், வட்டமான பெரிய கண்குழி. விலா எலும்புகள் ஒன்றுகூடக் கலையாமல் கல்லோடு கல்லாகக் கிடந்தன.

மகள் சிரித்தாள். "டொல்பினும் இல்லை, மீனும் இல்லையம்மா. பல்லி, முதலை மாதிரி ஒரு சாதி. இப்ப உலகத்தில ஒண்டுகூட இல்லை. உங்களுக்கு எதைக் கண்டாலும் சட்டிக்குள்ள போடுற நினைப்புத்தான்."

"முதலைச் சாதியெண்டால் மூச்செடுக்க மேல வரவேணுமே?"

"ஓம், வந்து வந்துதான் போகும்."

"அப்ப செத்தாலும் மேல வந்திருக்குமே. கடல் வைச்சிருக்காதே."

எங்கள் கரையில் எல்லோரும் நம்புகிற விஷயம் அது. மூழ்கித் தாண்டுபோன உடம்பு மூன்றாம் நாள் மிதக்கும். கடல் அதைக் கரையில் கொண்டுவந்து போடும். என் மனிதர் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பாதபோது கிழமைக்கணக்கில் கரை முழுக்க நடந்தேன். ஒன்றும் ஒதுங்கவில்லை. ஆகவே அவர் கடலில் இல்லை, எங்கோ பிடிபட்டு இருக்கிறார் என்றேன். தாலியைக் கழற்றவில்லை. இங்கே வந்த பிறகும், இறந்தவர்களுக்காகக் கார்த்திகையில் பாதர் வைக்கும் பூசைக்கு அவர் பெயரைக் கொடுக்க விடவில்லை. மகள் வருஷா வருஷம் கேட்பாள். "உயிரோட இருக்கிற மனிசனுக்கோ?" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன்.

நான் தமிழையே எழுத்துக்கூட்டி வாசிப்பவள். கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை மகள்தான் வாசித்தாள். "அடியில போய்ச் சேத்துக்குள்ள புதைஞ்சிட்டுதாம். அதுதான் மிதக்கேல்லை..." சட்டென்று நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.



அதன்பிறகு கண்ணை மூடினால் சேறு. அதற்குள் விலா எலும்புகள் ஒழுங்காக. அவருடைய இடது சின்னவிரல் கொஞ்சம் வளைந்தது. அந்த வளைவுகூடத் தெரிந்தது.

கார்த்திகை நெருங்கியது. இந்த முறை அவள் கேட்கவில்லை.

"அப்பாவின்ர பேரையும் குடு" என்றேன்.

"வடிவா யோசிச்சோ சொல்லுறீங்கள், அம்மா?"

"குடு எண்டால் குடு."

பாதர் அவர் பெயரை வாசித்தார். கோயிலே முழந்தாளில் நின்று செபம் சொன்னது. நான் வாய் திறக்கவில்லை. இத்தனை காலமும் அவரை மேலே பிடித்து வைத்திருந்தவள் நான். கை நழுவியதுபோல இருந்தது. அவர் கீழே போவது எனக்குத் தெரிந்தது.