மூன்றாவது பொட்டலம்

என்னிடம் இருந்த ஒரே சொத்து என் தொண்டைதான். திருத்தணி மலையில் படிக்கட்டு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூஜைக்கடை. தேங்காய், பழம், கற்பூரம், பூ. வரிசையாக எத்தனை கடை இருந்தாலும் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வரும் கூட்டம் நேராக என்னிடம்தான் வரும். "ரண்டம்மா ரண்டி! செருப்பு இங்கயே விடுங்க, காசு வாணாம்!" என்று தமிழும் தெலுங்குமாக நான் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஆடிக் கிருத்திகையில் காவடி மேளத்தையும் மீறிக் கேட்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னை மைக் செட் என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. தாலிச் சரடைச் சரிசெய்தபோது விரலில் தட்டுப்பட்டது. வலது பக்கம், வலியே இல்லை, எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது. சென்னைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், மெல்லிய ஊசியால் குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தேகமாக இருக்கிறதாம். சந்தேகம்தான் எனக்கே வேண்டிய மட்டும் இருந்ததே, அதற்கு ஊசி எதற்கு?

மருத்துவர் என் வயதுப் பெண். பொறுமையாகத்தான் சொன்னார். "தைராய்டு ரெண்டு பாதியா இருக்கும்மா. உங்களுக்குக் கட்டி வலது பாதியில மட்டும்தான். அதை மட்டும் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். கேன்சர் இல்லன்னா அதோட முடிஞ்சுது, மிச்சப் பாதியே பெரும்பாலும் போதும். கேன்சர்னு வந்தா, மறுபடி ஆபரேஷன் பண்ணி மீதியையும் எடுக்க வேண்டி வரலாம். இல்ல, இப்பவே முழுசா எடுத்துடலாம். ரெண்டாவது ஆபரேஷன் பயம் இருக்காது. ஆனா ஆயுசுக்கும் மாத்திரை. இன்னொண்ணு, குரலுக்குப் போற நரம்பு ரெண்டு பக்கமும் இருக்கு. பாதி எடுத்தா ஒரு பக்கத்து நரம்புகிட்டதான் கை வைப்போம். முழுசா எடுத்தா ரெண்டு பக்கமும். அடிபடறது அபூர்வம்தான். ஆனா சொல்லணும் இல்லையா?"

"நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பாதி போதும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா முடிவு உங்களோடது."

என்னோடதாம்! கடைக்குப் பெயர்ப்பலகை எந்த நிறத்தில் எழுதுவது என்பதைக்கூட என்னிடம் கேட்காத வீடு. ஆனாலும் அந்த வார்த்தை நன்றாக இருந்தது. ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், பாதிதான். என் கணவரிடமும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளே அவருடைய அக்கா ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். தறி வைத்திருக்கும் வீடு, எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனுஷி. "இன்னாடி இது, வெட்றதே வெட்றாங்க, பாதிய வச்சிகினு இன்னா பண்ணப்போற? முழுசா எடுத்துட்டா தொல்லை வுட்டுது" என்றார். என் மாமியார் மார்பில் வந்த கட்டியால் செத்துப்போனவர். கட்டியை மட்டும் எடுத்தார்கள், அது திரும்பி வந்தது. அதை ஆரம்பித்து அக்கா அழ, என் கணவரும் அழுதார். இது வேறு, அது வேறு என்று எத்தனை முறை சொல்வது? "எனக்குக் கடை இருக்குது, வாய் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கத்தினேன். "உசுரு பெருசா, வாய் பெருசா?" என்றார் அக்கா.

கடைசியில் அக்காவே வழி சொன்னார். பூ போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, நிலம் வாங்குவதோ, மனசு இரண்டு பட்டால் இதுதான் வழக்கம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. எந்தப் பூ வருகிறதோ அதுவே முருகன் சொன்ன பதில். என் கடையில் அந்தப் பொட்டலம் கட்டி விற்றிருக்கிறேன். விரும்பாத பூ வந்தால் கீழே இறங்கி வந்து இன்னொரு ஜோடி கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். "இன்னாங்க, சாமி மனசு மாத்திக்கினாரா?" என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுப்பேன்.

சிவப்பு என்றால் முழுசு, வெள்ளை என்றால் பாதி. மலைமேல் கொடிமரத்துக்கு முன்னால் போட்டோம். என் கணவர் எடுத்தார். வெள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அவன் கை நடுங்கிச்சு, மனசுல வேற ஏதோ நெனச்சிகினு எடுத்தான்" என்றார் அக்கா. மறுபடி கட்டி அவரே எடுத்தார். வெள்ளை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "வீட்டு ஆளுங்க எடுக்கக் கூடாது, அதான் சரியா வர்ல" என்று சொல்லி, வரிசையில் போய்க்கொண்டிருந்த ஒரு தெலுங்கு அம்மாவை நிறுத்தி எடுக்கச் சொன்னார். அந்த அம்மாவுக்கு எதற்கு என்றே தெரியாது. சிவப்பு வந்தது.

"ஆங்! இப்பதான் சொன்னான் பாரு" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சாமி சொல்லிட்டாரு இல்ல, ஒத்துக்கோ. எங்கம்மா மாதிரி உன்னையும் என்னால பாக்க முடியாது" என்றார். இரண்டு முறை சொன்னது சாமி இல்லையா என்று அங்கேயே கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. அந்த முகத்துக்காகத்தான் முழுசாக எடுக்கச் சம்மதித்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது தண்ணீர் கேட்டேன். காற்றுதான் வந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல இருந்தது, கால்சியம் குறைந்துவிட்டது என்று ஏற்றினார்கள். மயக்கத்தில் குழாய் வைத்ததால் தொண்டை அப்படி இருக்கும் என்றார்கள். சில வாரங்கள் கழித்தும் அப்படியே இருந்ததால் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இடது பக்கத்து நரம்பு வேலை செய்யவில்லை. தானாகத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இடது பக்கம்! கட்டியே இல்லாத பக்கம். பாதி மட்டும் எடுத்திருந்தால் யாரும் அங்கே தொட்டிருக்கவே மாட்டார்கள்.

டெஸ்ட் முடிவில் புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி. வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் உயிர் பயம் போனது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு காபிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் எரிகிறது. கடையில் இப்போது என் கணவர்தான் நின்று கூப்பிடுகிறார். அவருக்குக் கூப்பிடவே தெரியாது, யாரையோ துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போகிறது. நான் உள்ளே உட்கார்ந்து பூ கட்டுகிறேன்.

அக்கா எனக்காகப் பால்குடம் நேர்ந்திருந்தார். என்னையே தூக்க வைத்தார். சுற்றிலும் எல்லோரும் "அரோகரா" போட, நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு ஏறினேன். அபிஷேகம் முடிந்து கொடிமரத்துப் பக்கம் வந்ததும் அக்கா என் நெற்றியில் திருநீறு பூசி, "பாத்தியா, முருகன் சொன்னபடி கேட்டோம், ஒரு கொறையும் இல்லாம உன்னைக் காப்பாத்திட்டான்" என்றார்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பல நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டே விட்டேன். "அப்போ மொத ரெண்டு வாட்டி வெள்ளை குடுத்தது யாரு?"

என்னை ஒட்டி நின்ற என் கணவருக்குக் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாம்மே சொல்ற? ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லேன்."