குகையில் அழும் இளவரசி

கல்யாணமாகித் திண்டிவனம் வந்த புதிதில், ஒரு எழுத்தாளரின் மாயாஜால நாவல்கள் என்றால் எனக்கு உயிர். உலையில் சோறு குழைவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருப்பேன். ஆனால் போகப் போக எல்லாம் ஒரே கதையாகிவிட்டது. மந்திரவாதி இளவரசியைக் குகையில் அடைப்பான். அவள் அழுதுகொண்டே இருப்பாள். பறக்கும் குதிரையில் இளவரசன் வந்து மீட்பான். நாட்டின் பெயர் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.

யுத்த காலத்தில் ஒருமுறை அவர் விழுப்புரத்துக்குப் பேச வந்தார். எனக்கு ஆசையாக இருக்குமென்று என் கணவர் ரயிலில் அழைத்துப் போனார். பேச்சு முடிந்ததும், யாரும் கேள்வி கேட்கலாம் என்றார் எழுத்தாளர். பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன்.

"எல்லாப் புஸ்தகத்துலயும் இளவரசி அழுதுக்கினே இருக்கறாளே, ஏங்க? தப்பிச்சு ஓட அவளுக்குக் கால் இல்லீங்களா?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "வாசகர்கள் அதைத்தானேம்மா விரும்புகிறார்கள்?" என்றார்.

"நானும் வாசகிதாங்க. எனக்குப் புடிக்கல."

அவர் வேறு யாரையோ பேசச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "பெரிய மனுசரை நாலு பேரு முன்னாடி அப்படிக் கேக்கலாமா?"

"அத்தனையும் படிச்சவ நானு. நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

அந்த எழுத்தாளரின் அடுத்த நாவலையும் கணவர் வாங்கி வந்தார். நான் பிரிக்கவே இல்லை. படிக்கக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அப்படியே கொடுத்துவிட்டேன். திருப்பித் தர வேண்டாமென்றும் சொன்னேன்.